வேலூர் ஏரிகளில் கயாக்: தண்ணீர் பார்ப்பது முதல் கரை ஏறுவது வரை

வேலூர்ப் பக்கம் கயாக், அதாவது இரண்டு முனையிலும் அலகு உள்ள துடுப்பால் ஓட்டும் குறுகலான சிறு படகு, ஓட்ட ஆசைப்படுபவர்களில் பலர் முதலில் படகை வாங்கிவிடுகிறார்கள். அதை எங்கே இறக்குவது என்று அதற்குப் பிறகுதான் தேடுகிறார்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்வெளி. நமக்கு இருப்பவை ஏரிகளும் சில சிறிய அணைகளும்தான். அவை பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மதகு உண்டு, நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் கோடி உண்டு, மீன் குத்தகை உண்டு. எந்த ஏரி, எந்த மாதம், யாரிடம் கேட்பது என்று தெரிந்துவிட்டால், எந்தப் படகு என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும். ஆனால் தண்ணீரில் விழுந்தவுடன் வரும் பதற்றத்தை அது அடக்காது.

1. மாதமும் நேரமும்

நம் ஏரிகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகின்றன. நிரம்பிக்கொண்டிருக்கும் ஏரியில் இறங்காதீர்கள். வரத்துக் கால்வாய் வழியாக மரக்கிளை, முள், பிளாஸ்டிக், செத்த ஆடு மாடு எல்லாம் வந்து சேரும் காலம் அது. தண்ணீர் கலங்கியிருப்பதால் அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். ஏப்ரலில் தண்ணீர் உள்வாங்கிக் கரைக்கும் தண்ணீருக்கும் இடையே சேறு நின்றுவிடும். மே மாத வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; தண்ணீரின் மேல் நிழலே கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரத்தில் இடியுடன் மழை வரும் வாய்ப்பு அதிகம்.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்த பிறகு இறங்கிப் பத்து மணிக்குள் கரை ஏறிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். புதியவர்களைக் களைப்படைய வைப்பது தூரத்தைவிடக் காற்றுதான்.

2. எந்தத் தண்ணீர்

படகில் உட்கார்ந்தே பழகாதவர்கள் ஏலகிரி மலையில் உள்ள புங்கனூர் ஏரிப் படகு இல்லத்தில் துடுப்புப் படகு எடுத்துப் பாருங்கள். அது கயாக் அல்லதான். ஆனாலும் தண்ணீரில் உடல் எப்படி ஆடுகிறது, எவ்வளவு நேரம் கை தாங்குகிறது என்பதைப் பணம் அதிகம் போடாமல் அங்கே தெரிந்துகொள்ளலாம். கயாக்கையே வாடகைக்கு எடுத்துப் பயிற்சி பெற வேண்டுமானால், சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்து, உங்கள் ஊருக்கு அருகே சாக்கடை கலக்காத ஒரு நடுத்தர ஏரி. மறுகரையில் நிற்கும் ஆளை அடையாளம் காண முடிகிற அகலம் போதும். தண்ணீரில் நுரை, கருநிறம், தோல் வாடை மூன்றில் எது இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் தொழிற்சாலைக் கழிவு நம் நிலத்தடி நீரை என்ன செய்திருக்கிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் கையை நனைக்க வேண்டாம்.

காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்கள் அதைவிட்டு வேறு ஏரியை நினைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் அதுவும் ஒன்று. பாலாற்றில் வாலாஜாவுக்கு அருகே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் பெறுகிறது. அந்தப் பரப்பே அதன் ஆபத்தும்கூட. திறந்த நீரில் காற்று நீண்ட தூரம் ஓடி அலையை வளர்த்துவிடும். முதல் ஆண்டில் அங்கே கரையோரமாக மட்டும் போங்கள், துணைக்கு இன்னொரு படகோடு. மகேந்திரவாடி ஏரிக்கும் இதையே சொல்வேன்.

குடியாத்தத்துக்கு அப்பால் கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே உள்ள மோர்தானா அணை கண்ணுக்கு அழகான இடம். ஆனால் சுற்றிலும் காடு. யானை நடமாட்டம் உள்ள பகுதி. துறை அனுமதி இல்லாமல் அங்கே படகு இறக்கும் எண்ணமே வேண்டாம். பழைய வட ஆற்காட்டின் பெரிய நீர்ப்பரப்பான சாத்தனூர் அணையைப் பலர் கேட்கிறார்கள். அதில் முதலைகள் உண்டு. கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

3. படகு இல்லாமல் ஒருமுறை கரை நடை

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஏரியில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பகுதி இதைத் தவிர்த்ததால் வந்தவை. படகை வீட்டில் விட்டுவிட்டு, ஏரிக்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். ஒரு தாளில் ஏரியை வரைந்துகொண்டு, கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆழம். நம் ஏரிகளில் தண்ணீர் ஆழமாக நிற்பது நடுவில் அல்ல, கரையை ஒட்டித்தான். சரிந்து வரும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டுத் தண்ணீரைத் தடுத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் பக்கம், மெதுவாக ஆழமற்றுப் போகும். கரைக்கு அருகில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கும் புதியவர் ஏரியின் மிக ஆழமான இடத்தில் மிதந்துகொண்டிருப்பார். இறங்கவும் பழகவும் ஏற்ற இடம் வரத்துப் பக்கத்தின் ஆழமற்ற ஓரம்.

அங்கேயும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் வண்டல் மண் எடுத்த பள்ளங்கள் எங்கே என்று ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். அவற்றைத் தாளில் தடிமனாக வட்டமிடுங்கள்.

அடுத்து மதகு. பாசனத்துக்குத் திறந்திருக்கும்போது, மேலே அசையாத நீராகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள். அது மதகை நோக்கி நகர்ந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், மதகிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளியே போவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கோடி. ஏரி நிரம்பிக் கோடி போகும்போது ஊரே வேடிக்கை பார்க்க வரும், படகுக்காரர் வரக்கூடாது. கோடியில் உள்ள கலங்கல் சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் கீழே சுருண்டு சுவரை நோக்கியே திரும்பும். அதில் விழுந்த ஆளையும் படகையும் வெளியே விடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தாலும் தப்புவது கடினம். கோடி போகும் நாளில் அந்த ஏரியில் இறங்காதீர்கள்.

கடைசியாக முள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களும் சீமைக் கருவேலமும் தண்ணீர் நிரம்பும்போது மூழ்கி, கிளை நுனி மட்டும் மேலே தெரியும். தெரியாமல் கீழே இருக்கும் கிளைகள் இன்னும் அதிகம். எந்தப் படகு வாங்குவது என்பதை இதுதான் முடிவு செய்யும்.

4. யாரிடம் கேட்பது

ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ நூறு ஏக்கருக்கு, மேற்பட்ட ஏரிகள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடம். முதல் வகைக்கு உதவிப் பொறியாளர் அலுவலகத்திலும், இரண்டாவது வகைக்கு ஒன்றிய அலுவலகத்திலும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பெயர், படகு வகை, நாள், நேரம், உடன் வருபவர்கள் ஆகியவற்றைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். மறுத்தால் வேறு ஏரி பார்க்க வேண்டியதுதான்.

அலுவலகத்தோடு முடிந்துவிடாது. மீன்பிடி குத்தகை எடுத்தவரிடம் தனியாகப் பேச வேண்டும். ஏரியில் மீன்குஞ்சு விட்டுக் காத்திருக்கும் மனிதருக்கு, அறிமுகமில்லாத படகு என்றால் திருட்டு நினைவுதான் வரும். ஊராட்சித் தலைவர், குத்தகைதாரர் இருவரையும் முந்தின நாளே பார்த்துப் பேசிவிட்டால், அவர்களே வலை எங்கே கிடக்கிறது, மதகு எப்போது திறப்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அலுவலக அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இந்தச் செய்திகள் கிடைப்பதில்லை.

மழைக்கால வெள்ள எச்சரிக்கையின்போது நீர்நிலைகளில் இறங்க மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். அப்போது பழைய அனுமதிக் கடிதம் செல்லாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. உடலில் இருப்பது, பிறகு படகு

பணம் குறைவாக இருந்தால் படகில் குறையுங்கள், லைஃப் ஜாக்கெட்டில் குறைக்காதீர்கள். உங்கள் எடைக்கு ஏற்றதை வாங்கி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின், இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காது வரை ஏறினால் பெரியது. தண்ணீரிலும் அப்படியேதான் ஏறி, முகத்தை மூடும். ஜாக்கெட்டை அணியாமல் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போவதை அடிக்கடி பார்க்கிறேன். கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதை அணிந்துகொள்ள முடியாது.

ஜாக்கெட்டில் ஒரு விசில், எளிதில் எட்டும் இடத்தில் உறையிட்ட சிறு கத்தி. காலில் குதிகாலைப் பிடிக்கும் செருப்போ பழைய கான்வாஸ் ஷூவோ போடுங்கள். ஏரிச் சேற்றில் முள்ளும் உடைந்த பாட்டிலும் இருக்கும். முழுக்கைச் சட்டை, கயிறு வைத்த தொப்பி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நீர் புகாத உறையில் கைப்பேசி, பத்துப் பதினைந்து மீட்டர் கயிறு.

படகுக்கு வருவோம். புதியவருக்கு மேலே உட்காரும் வகைக் கயாக்தான் சரி. பத்து அடி நீளம், இருபது முதல் இருபத்தைந்து கிலோ எடை. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் தேங்காது, காலும் மாட்டிக்கொள்ளாது. உள்ளே கால் நீட்டி உட்காரும் வகை வேகமானது. ஆனால் கவிழ்ந்தால் தண்ணீர் நிறைந்துவிடும், கரைக்கு இழுத்து வந்துதான் இறைக்க வேண்டும். கேனூ என்னும் திறந்த படகு இருவருக்கும் சாமானுக்கும் வசதி. ஆனால் பக்கங்கள் உயரமாக இருப்பதால் ஏரிக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

காற்றடைக்கும் கயாக் பஸ்ஸில்கூடக் கொண்டுபோகக்கூடியது என்பதால் பலரும் அதை விரும்புகிறார்கள். முள் இல்லாத ஏரியாக இருந்தால் வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: காலைக் குளிரில் முழு அளவுக்குக் காற்றடைத்துவிட்டுக் கரையில் வெயிலில் போட்டுவைத்தால், உள்ளே காற்று விரிந்து தையல் பிரிந்துவிடும். கரையில் நிறுத்தும்போது நிழலில் வையுங்கள்; இல்லாவிட்டால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

துடுப்பு நீளத்தைக் கடைக்காரர் உங்கள் உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்வார். படகின் அகலத்தையும் பார்க்க வேண்டும். மேலே உட்காரும் அகலமான கயாக்குக்கு 230 முதல் 240 சென்டிமீட்டர் பொருந்தும். குட்டையான துடுப்போடு அகலமான படகில் உட்கார்ந்தால், துடுப்பு வலிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் படகின் ஓரத்தில் இடிக்கும்.

6. முதல் நாள் முழுவதும் கவிழ்வது

ஓட்டக் கற்பதற்கு முன் கவிழக் கற்க வேண்டும். இந்த வரிசையை மாற்றச் சொல்லி என்னிடம் கெஞ்சாத புதியவர் இல்லை. நான் மாற்றுவதில்லை. கவிழ்ந்தால் திரும்ப ஏற முடியும் என்று உடலுக்குத் தெரிந்த பிறகுதான் தோள் தளரும், துடுப்பு ஒழுங்காக விழும். பயத்தோடு உட்கார்ந்திருப்பவர் விறைத்துப்போய், அந்த விறைப்பாலேயே கவிழ்வார்.

பள்ளம் இல்லை என்று உறுதி செய்த இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், துணைக்கு ஒருவர் அருகில் நிற்கத் தொடங்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுங்கள். மேலே வந்தவுடன் ஒரு கை படகைப் பிடிக்க வேண்டும், மறு கை துடுப்பை. விட்டுவிட்டால் காற்று படகை நீந்தும் வேகத்தைவிட விரைவாகக் கொண்டுபோய்விடும்.

படகு தலைகீழாக இருந்தால், அடிப்பக்கத்தின் மேல் எட்டி எதிர் ஓரத்தைப் பிடித்து, உடல் எடையைப் பின்னால் போட்டு உங்களை நோக்கிப் புரட்டுங்கள். பிறகு இருக்கைக்கு நேராக, பக்கவாட்டில் நில்லுங்கள். கால்களைப் பின்னால் நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதைத்துக்கொண்டே, வயிறு இருக்கையின் மேல் வரும்படி உடலை இழுங்கள். கைகளால் மட்டும் தூக்கிக்கொள்ள முயல்பவர்கள் படகைத் தம்மேலேயே கவிழ்த்துக்கொள்கிறார்கள். வயிறு ஏறிய பின் ஒரு மூச்சு விடுங்கள். இடுப்பைத் திருப்பி இருக்கையில் உட்காருங்கள். கால்கள் கடைசியில்தான் உள்ளே வர வேண்டும்.

இடுப்பளவில் எளிதாக வந்த பிறகு, கால் எட்டாத ஆழத்தில் துணைப் படகோடு செய்து பாருங்கள். அங்கே தரையை உதைக்க முடியாது. உண்மையான சோதனை அதுதான். யாருடைய உதவியும் இல்லாமல் இரண்டு பக்கமிருந்தும் ஏறத் தெரியாதவரை ஏரி நடுவுக்குப் போக வேண்டாம்.

7. துடுப்பு

துடுப்பைத் தலைமேல் வைத்துப் பிடியுங்கள். முழங்கைகள் இரண்டும் செங்கோணத்தில் மடங்கினால் கை இடைவெளி சரி. துடுப்பின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்துக்கொண்டு படகு ஏன் நகரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம்.

கால்பிடியில் பாதம் பதிந்து, முழங்கால் சற்றே மடங்கி இருக்கட்டும். கால்விரலுக்கு நேராகத் துடுப்பை நீரில் இறக்குங்கள், இடுப்புக்கு நேராக எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகு முன்னால் போகாமல் திரும்பும். இழுப்பது கை அல்ல. முதுகும் வயிறும் சேர்ந்த திருப்பம். மார்பு வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறித் திரும்ப வேண்டும். அரை மணி நேரத்தில் தோள் வலித்தால் கையால் இழுக்கிறீர்கள் என்று பொருள்.

திரும்ப வேண்டுமானால் முன்னாலிருந்து பின்னால்வரை அகலமாக வளைத்து வலியுங்கள். நிறுத்த வேண்டுமானால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சின்னச் சின்னப் பின்வலிப்பு, அதாவது துடுப்பைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளுவது. ஒரே பக்கம் பலமாகப் பின்வலித்தால் படகு சுழன்றுவிடும். நேராகப் போவதைவிட நிறுத்துவதை அதிகமாகப் பழகுங்கள்.

8. முதல் பயணம்

கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு, எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தைத் தாண்டினால் அவர் 112 எண்ணை அழைக்க வேண்டும். இரண்டு படகுகளுக்குக் குறையாமல் போங்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில் போங்கள். உடலில் வலு இருக்கும்போது எதிர்க்காற்று. களைத்த பின் அதே காற்று உங்களைக் கரைக்குத் தள்ளும். மாற்றிச் செய்பவர்கள் மறுகரையை உற்சாகமாக அடைந்துவிட்டுத் திரும்ப முடியாமல் தவிப்பார்கள். கரையிலிருந்து கிளம்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, திட்டமிட்ட மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் திரும்பிவிடுங்கள்.

மீனவர்கள் மாலையில் போட்ட வலையை விடியற்காலையில் எடுக்க வருவார்கள். நீங்கள் இறங்குவதும் அதே நேரம். வரிசையாக மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களும் தெர்மாகோல் துண்டுகளும்தான் வலையின் அடையாளம். சுற்றிப் போக முடிந்தால் சுற்றிப் போங்கள். முடியாவிட்டால் துடுப்பை உயர்த்திக்கொண்டு படகைச் சறுக்க விடுங்கள். துடுப்பில் வலை சிக்கினால் இழுக்காதீர்கள், படகை நிறுத்தி விடுவியுங்கள். கத்தி உயிர் காக்க மட்டும். வலையை அறுக்க நேர்ந்தால் அன்றே அந்த மனிதரைத் தேடிப்போய் விலையைக் கொடுத்துவிடுங்கள். அது அவருடைய அடுப்பெரியும் வழி.

நாரைகளும் நீர்க்காகங்களும் அடைந்திருக்கும் மரங்களை நெருங்காதீர்கள். தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். கூட்டில் முட்டை இருக்கும்போது தாய்ப்பறவை எழுந்து பறந்தால், வெயிலும் காகமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கரை. ஏரியின் சமவெளியில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் உங்கள் தலை. கடைசி இடி கேட்ட பின் அரை மணி நேரம் கழியும்வரை மறுபடி இறங்க வேண்டாம். தனிப் பனைமரத்தின் கீழே ஒதுங்கவும் வேண்டாம், காருக்குள் உட்காருங்கள்.

9. பாலாற்றில் தண்ணீர் வந்தால்

பாலாற்றில் வெள்ளம் என்றதும் இறங்கத் துடிப்பவர்களைத் தடுக்கவே இந்தப் பகுதி. 2021 நவம்பரில் ஆறு என்ன வேகத்தில் வந்தது என்று கரையோர மக்களைக் கேளுங்கள். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிறது. பாலாற்றில் கலக்கும் பொன்னையாற்றிலும் ஆந்திரத்தின் கலவகுண்டா அணை திறந்தால் தண்ணீர் பெருகும். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே பெய்த மழை திடீரென்று வந்து சேரும்.

வெள்ளம் வடிந்து ஒரே சீராக ஓடும் சில நாட்களிலும் மணல் எடுத்த குழிகள், தரைப்பாலங்கள், தடுப்பணைகள் மூன்றும் இருக்கின்றன. தடுப்பணையின் கீழே கோடியில் சொன்ன அதே சுழல்தான். ஓடும் நீரில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டும், ஒவ்வொரு தடுப்பணைக்கும் முன்பே கரை ஏறிப் படகைத் தூக்கிக்கொண்டு கடப்பதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஏரியில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், ஓடும் நீரில் நீங்கள் புதியவர்தான்.

10. கரை ஏறிய பின்

படகின் அடியிலும் கால்பிடியிலும் ஒட்டியிருக்கும் ஆகாயத்தாமரைத் துண்டுகளைப் பொறுக்கி, தண்ணீர் எட்டாத இடத்தில் காயப்போடுங்கள். ஒரு சிறு துண்டு போதும், அடுத்த ஏரியை மூடிவிடும். படகை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கரைப் புல்லில் கால் வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள். கண்ணாடி விரியன் இருக்கும் இடம் அது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், 108 அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, கீறல்களைக் கழுவி மருந்திடுங்கள். கால்நடைகளும் எலிகளும் புழங்கும் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது புண், கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். ஆறாத புண் இருக்கும் வாரத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், ஏரியில் இறங்கியதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரணக் காய்ச்சலுக்கே மருந்து எழுதுவார்.